ஒரு நாளைக்கு நாற்பத்தொரு மணி நேரம்

அன்புக் கண்ணுவுக்கு உன் சித்தி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் சித்தப்பாவும் ஆண்டவன் தயவில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்கு எப்படி என்பது கீழே படிக்கப் படிக்க உனக்கே தெரியும். நீயும் அங்கே சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டி, சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் கண் விழித்ததும் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். நீ ஒன்பது தடவை கூப்பிட்டாய். ஒன்பதையும் பார்த்தேன், எடுக்கவில்லை. சித்தப்பா எடுத்துவிடக் கூடாதே என்று அவர் போனையும் பிடுங்கி மாவு டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நேற்று நீ அவரைக் கூப்பிட்டபோது டப்பாவுக்குள்ளிருந்து மணி அடித்தது, அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், நான் ஒன்றும் கேட்காத மாதிரி தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டு டீச்சர் போனிலிருந்து எல்லோரும் நலம், கடிதம் வருது என்று உனக்கு ஒரு வரி அனுப்பச் சொன்னேனே, கிடைத்ததா. போனில் பேசினால் உன் கம்பெனி காதில் விழும் என்று எங்கள் நூலகர் பயமுறுத்துகிறார், அதுதான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன், நடுவில் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான் கண்ணு. என்னால் ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. தெரிந்து செய்யவில்லை, ஆனால் இரண்டு வருஷமாக, ஒரு நாள் விடாமல் செய்திருக்கிறேன். அதனால் நூலகத்துக்குப் படிக்க வருகிற லாரிக்காரிக்குக் கிடைக்க வேண்டிய இடம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உனக்கு வேலையில் ஏதாவது பேச்சு வருமோ என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் நம்ம ஊர்ப் பெயரை அந்தக் கம்பெனியில் சொன்னதே நீதானே. எல்லாம் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும், பொறுமையாகப் படி.

நீ அந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஒரு தடவை சொன்னாய், எங்க கம்பெனி கம்ப்யூட்டர் விற்கிறதோடு நிக்கல சித்தி, பள்ளிக்கூடத்துக்கு மெஷின் கொடுக்கிறோம், பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்றவங்களுக்குக் காசு கொடுக்கிறோம், சின்ன ஊர்கள்ல படிக்கிறதுக்கு ரூம் போட்டுக் கொடுக்கிறோம், நான் வேலை பார்க்கிறது அந்தப் பிரிவுலதான் என்று. எதுக்குடி சும்மா கொடுக்கிறாங்க என்று நான் கேட்டேன். நீ சிரித்துவிட்டு, சும்மா இல்ல சித்தி, நல்ல பேரு வருது, நாளைக்கு வேலைக்கு ஆளும் வருது, கொஞ்சம் நல்ல மனசும் இருக்கு என்றாய். அந்தக் கொஞ்சம் எனக்குப் பிடித்திருந்தது. முழுக்க நல்ல மனசு என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அப்புறம் நான் பெருக்கித் துடைக்கிற நூலகத்துக்குப் பின்னால், பழைய பேப்பர் கட்டுகளும் கரப்பான்பூச்சியுமாகக் கிடந்த அந்த அறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பன்னிரண்டு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்கு ஊரே கூடி நின்று பார்த்தது. இது யாரு ஏற்பாடு தெரியுமா, நான் வளர்த்த பொண்ணு என்று நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. உன் அம்மா இருந்திருந்தால் நூறு பேரிடம் சொல்லியிருப்பாள், அவள் பங்குக்கும் சேர்த்து நானே சொன்னேன்.

கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான், வெயிலிலும் டை கட்டிக்கொண்டு. அறைச் சாவியை நூலகர் என்னிடம் கொடுத்திருந்ததால் அந்த டைக்காரத் தம்பி என்னைத்தான் முதலில் ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்தான். பேர் கேட்டான், போன் நம்பர் கேட்டான், என் போனுக்கு ஒரு நம்பர் வந்தது, அதைத் தட்டினான். ஒரு பாஸ்வேர்டு வைங்கம்மா, மறக்காத மாதிரி வைங்க என்றான். உன் பிறந்த தேதியை வைத்தேன். இது சாவி மாதிரி, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றான். படிக்க வர்றவங்க எல்லாரும் இதே மாதிரி ஆளுக்கு ஒரு பேர் போட்டுக்கணும் என்றும் சொன்னான், சொல்லவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அப்போதே நான் கேட்டேன், தம்பி, இங்க வரப்போறது பாதிப் பேர் வீட்டுல இருக்கிற பொம்பளைங்க, சின்னப் பசங்க, அவங்களுக்கு ஏது தனியா போன், வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலும் அது ஆம்பளை பாக்கெட்டுல வேலைக்குப் போயிடும், அந்த நம்பர் எங்க வரும், யாரு பார்த்துச் சொல்றது. அவன் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே, அதுக்கு ஏதாவது பண்ணிக்கலாம்மா என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டான். ஏதாவது பண்ணிக்கலாம் என்றால் யார் பண்ணுவது. நான்தான் பண்ணினேன்.

காலை ஒன்பதரைக்குப் போவேன். ஜன்னல்களைத் திறப்பேன், தரையைத் துடைப்பேன், ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஆண்டவனை நினைப்பேன், அப்புறம் வரிசையாகப் பன்னிரண்டு மெஷினையும் என் பேரைப் போட்டு உன் பிறந்த தேதியைத் தட்டித் திறந்து வைப்பேன். ஜன்னலைத் திறந்து வைக்கிற மாதிரிதான் எனக்கு அது. வருகிறவர்கள் வந்து உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே, வாசலில் நிற்கிறவளிடம் போய் உன் புருஷன் போனைக் கொண்டு வா என்று சொல்லச் சொல்கிறாயா. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே என்றானே, அதையும் காப்பாற்றினேன், ஒருத்தருக்கும் சொல்லவில்லை, பன்னிரண்டு தடவையும் நானே தட்டினேன். இதில் எனக்குப் பெருமை வேறு. மூட்டு வலியோடு ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து எழுந்து, சேவை பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷின் ஒரு நாளும் நான் என்ன படித்தேன் என்று என்னைக் கேட்டதில்லை, அதனால் எனக்கும் சந்தேகம் வந்ததில்லை.

உள்ளே நடந்த கூத்து அப்புறம்தான் தெரிந்தது. அந்த மெஷின் ஆளைப் பார்த்துப் பாடம் கொடுக்குமாமே, நேற்று எதில் தடுக்கி விழுந்தாயோ இன்று அங்கிருந்து தூக்கிவிடுமாமே. இங்கே எல்லோரும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டு அது என்ன செய்யும் பாவம். காலையில் நர்சரிப் பிள்ளை பூனை எங்கே நாய் எங்கே என்று தட்டிவிட்டுப் போகும், அடுத்து லாரிக்காரி உட்கார்ந்தால் அவளுக்கும் பூனை எங்கே என்று கேட்கும். அவள் கணக்கைப் போட்டுவிட்டு எழுந்தால் அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்கு முக்கோணத்தைக் காட்டி உயரத்தைக் கண்டுபிடி என்று சொல்லும், அது அழுதுகொண்டே என்னிடம் ஓடிவரும். மெஷினுக்குக் கொஞ்சம் மறதி, வயசாகுதுல்ல என்று நான் அதைச் சமாதானப்படுத்துவேன். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, சொன்னால் சிரிக்காதே. போன வருஷம் என் பேருக்கு ஒரு சர்டிபிகேட் வந்தது, தங்கக் கலர் ஓரம் போட்டது. இங்கிலீஷில் இருந்ததால் எனக்கு என் பேர் மட்டும்தான் புரிந்தது. அறையைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பிரேம் போட்டு, ஆண்டவன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். அது முக்கோணக் கணக்கில் முதல் இடம் பிடித்ததற்காம். எனக்கு வாய்ப்பாடே பன்னிரண்டுக்கு மேல் வராது.

லாரிக்காரியைப் பற்றி உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. புருஷன் லாரி ஓட்டுகிறான், அதனால் அந்தப் பேர், மாசத்தில் பாதி நாள் அவன் ரோட்டில்தான். இவளுக்கு முப்பத்திமூன்று வயது இருக்கும். எட்டாவதோடு நிறுத்திக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். அவளுடைய சின்ன மகள் குடிக்கிற தண்ணீரால் வயிறு கெட்டு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. கொதிக்க வச்சுக் குடுங்க என்று டாக்டர் சொன்னார். கொதிக்க வச்சேன் டாக்டர், அப்பவும் வந்துச்சு, ஏன் என்று இவள் கேட்டாள். அவருக்கு வெளியில் நாற்பது பேர் காத்திருந்தார்கள், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த ஏன் இவள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நம்ம அறை திறந்த இரண்டாவது நாள் வந்தவள்தான், இரண்டு வருஷம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் வருவாள், அவர்கள் திரும்பும் நேரத்துக்கு எழுந்து ஓடுவாள். கணக்கு, வேதியியல், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைப் பற்றிய பாடம் என்று என்னென்னவோ படித்தாள். மெஷின் தினமும் இடத்தை மறந்துவிடுகிறதே என்று, நேற்று எங்கே நிறுத்தினோம் என்பதைத் தானே எழுதி வைத்துக்கொள்வாள். நோட்டு கூடக் கிடையாது, புருஷனின் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கம்தான்.

இந்த வருஷம் உன் கம்பெனி கொடுக்கிற பணத்தில் பல்கலைக்கழகம் நம்ம பக்கத்துத் தண்ணீரையெல்லாம் சோதிக்கப் போகிறதாம். வீடு வீடாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அங்கேயே சோதித்து, எழுதிக்கொடுக்க ஊர்க்காரர் ஒருத்தர் வேண்டுமாம். ஆறு மாசம் சம்பளத்தோடு வேலை, நன்றாகச் செய்தால் அப்புறம் லேப் படிப்புக்கு அங்கேயே இடம். நம்முடையது மாதிரிக் கற்றல் அறையில் தன் பேரில் இருநூறு மணி நேரம் படித்திருந்தால் போதும், பள்ளிக்கூட சர்டிபிகேட் வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். இது அவளுக்காகவே ஆண்டவன் எழுதி அனுப்பிய மாதிரி இருந்தது, நான்தான் விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். மூன்றாவது வாரம் பதில் வந்தது, உங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்று. அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு, அக்கா, அப்ப நான் ரெண்டு வருஷமா எங்க போயிட்டு வந்தேன் என்று கேட்டாள். கண்ணு, யாராவது என்னை அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதே வாரம் எனக்கும் ஒரு கடிதம். விசாரணைக்கு வருகிறோம், அறையில் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று. நூலகர்தான் அதைப் படித்துக் காட்டினார். ஏம்மா, ஒரு நாளைக்கு நாப்பத்தொரு மணி நேரம் படிச்சிருக்கீங்களாம், சாமி கும்பிட்டு நேரத்தை நீட்டினீங்களா என்று கிண்டலும் பண்ணினார், பயத்திலும் அவருக்குக் கிண்டல் வரும். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார், பேசாம மெஷின் கோளாறுன்னு சொல்லிடுங்க, இல்லையா அந்த டைக்காரன் சொல்லித்தரலைன்னு சொல்லிடுங்க, படிக்காத பொம்பளைன்னு உங்களை விட்டுடுவாங்க. உன் சித்தப்பாவுக்கு வேறு யோசனை. இதுக்கு ஏன் இப்படி மண்டையைப் பிச்சிக்கிறே, பொண்ணுக்கு ஒரு போன் போடு, அவ உள்ள உட்கார்ந்து ரெண்டு பட்டனைத் தட்டினா லாரிக்காரி பேருக்கு இருநூறு மணி நேரம் மாறிடும் என்றார். நான் சாமி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், போனைக் கையில் எடுத்துவிட்டேன். உன் பேர் திரையில் வந்துவிட்டது. அப்போதுதான் அணைத்து, இரண்டு போனையும் தூக்கி வைத்தேன். முடிவு நல்லபடியாக வரும்வரை டீயில் சர்க்கரை போட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். சித்தப்பாவுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டேன், அவரைக் கேட்கவில்லை, அதனால் அவர் இப்போது என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

திங்கட்கிழமை வந்தார்கள். அதே டைக்காரத் தம்பியும், தண்ணீர் ஆராய்ச்சியை நடத்துகிற ஒரு அம்மாவும். அந்த ஆராய்ச்சியம்மா கண்ணாடி போட்டு, முடியை ஒட்ட வெட்டி, என் வயசுதான் இருப்பாள், சிரிப்பே கிடையாது. தம்பி கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா, ஒரு நாளைக்கு இருபத்திநாலு மணி நேரம்தான் இருக்கு, நீங்க எப்படி நாப்பத்தொண்ணு படிச்சீங்க என்று கேட்டான். நூலகர் சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவனைப் பார்த்தேன், ஷூவின் பக்கவாட்டில் தையல் விட்டிருந்தது, மெலிந்து வேறு போயிருந்தான், வீட்டில் கைக்குழந்தை என்று அப்புறம் சொன்னான். அவன் தலையில் போட்டால் அவன் வேலை போகும். அவன் மேல் தப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொன்னேன். போன் இல்லாதவங்களுக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன், ஏதாவது பண்ணிக்கலாம்னு சொன்னீங்க தம்பி, நான் ஏதாவது பண்ணிட்டேன், பன்னிரண்டையும் என் பேர்லயே திறந்தேன், நான் ஒரு பாடமும் படிக்கலை, படிச்சதெல்லாம் இவங்கதான் என்றேன். அவன் விசாரணைப் பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அப்புறம், ஆமா, நான் அப்படித்தான் சொன்னேன் என்று சொல்லி, தன் கையாலேயே அதை எழுதினான். அவன் பெற்றவள் நன்றாக இருக்கட்டும்.

லாரிக்காரி ஒரு துணிப்பை நிறைய டிரிப் ஷீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள். முன்பக்கம் புருஷன் எந்தத் தேதியில் எந்த ஊருக்கு எத்தனை மூட்டை ஏற்றினான் என்று இருக்கும், பின்பக்கம் இவளுடைய கணக்கு, படம், கேள்வி. படித்த ஒவ்வொரு நாளும் மேலே தேதி போட்டு, வந்த நேரம் போன நேரம் எழுதி வைத்திருந்தாள், நேற்று எங்கே நிறுத்தினோம் என்று தேடுவதற்காக எழுதியது. ஆராய்ச்சியம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினாள், தம்பியை மெஷினில் அந்தத் தேதியைப் பார்க்கச் சொன்னாள். அந்த நாளில் அந்த நேரத்தில் என் பேரில் அதே பாடம் இருந்தது. பத்து தேதி பார்த்தார்கள், பத்தும் சரி. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. படிச்சது நீங்கதான்னு எனக்குத் தோணுது, கம்பெனி விதியில தோணுறதுக்கு இடம் இல்லை என்றாள். அப்புறம் லாரிக்காரியைத் தனியாக உட்கார வைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டாள். நான் வெளியே படியில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பிரார்த்தனை செய்துகொண்டிருந்தேன், கதவுக்குப் பின்னால் பேச்சு மட்டும் கேட்டது, என்னவென்று தெரியவில்லை. ஒரு சமயம் லாரிக்காரி குரல் உயர்ந்தது, கொதிக்க வச்ச தண்ணியை ஊத்தி வச்ச குடத்தை நான் என்ன தண்ணியில கழுவினேன், அதை ஏன் யாருமே கேக்கலை என்று. வெளியே வந்தபோது அந்த அம்மா, வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பட்டியல் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது நல்ல முகமா கெட்ட முகமா என்று நானும் அன்றையிலிருந்து யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

போவதற்கு முன்னால் அந்தத் தம்பி என் பேரில் இருந்ததையெல்லாம் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, என் கணக்கைச் சுத்தமாகத் துடைத்தான். உன் பிறந்த தேதியையும் மாற்றச் சொல்லிவிட்டான், அதில் எனக்கு வருத்தம்தான். இனிமே உங்க பேர்ல நீங்க மட்டும்தான்மா, சரியா வேலை செய்யுதான்னு ஏதாவது ஒரு பாடம் தட்டுங்க என்றான். லாரிக்காரி படித்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிப் பாடத்தையே தட்டச் சொன்னேன். ஒரு சொட்டுத் தண்ணீரைப் பெரிதாக்கிக் காட்டியது, உள்ளே என்னென்னவோ நெளிந்தது, தமிழில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. இரண்டு வருஷம் அந்த நாற்காலிகளைத் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்து ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான். முடிந்ததும் மூலையில் பதினோரு நிமிஷம் என்று காட்டியது. அந்தப் பதினோரு நிமிஷம் என்னுடையது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்த சர்டிபிகேட்டைக் கழற்றி மேசைக்குள் கவிழ்த்துப் போட்டேன், ஆணி மட்டும் சுவரில் நிற்கிறது.

இப்போது அறை பூட்டிக் கிடக்கிறது. சாவியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பன்னிரண்டு மெஷினையும் திருப்பி எடுத்துக்கொள்வதா, விட்டு வைப்பதா என்பதும் அந்த வெள்ளிக்கிழமைதான் தெரியுமாம். காலையில் நான் போனால் பிள்ளைகள் படியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஆயாம்மா எப்ப திறப்பீங்க என்கிறார்கள், நான் பெருக்கின இடத்தையே பெருக்குகிறேன். லாரிக்காரி தினமும் அதே நேரத்துக்கு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, நூலகத்து முன்னறையில் உட்கார்ந்து படிக்கிறாள். என்னை ஒரு வார்த்தை திட்டினால் பரவாயில்லை என்று இருக்கிறது. நேற்று பொறுக்க மாட்டாமல், என்னை நாலு வார்த்தை கேளேன்டி என்றேன். உங்களைத் திட்டினா எனக்கு இடம் கிடைக்குமா அக்கா, கிடைக்கும்னா சொல்லுங்க, உக்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் திட்டுறேன் என்றாள். சிரித்துவிட்டேன், அப்புறம் பின்பக்கம் போய் அழுதேன். மற்றபடி வீட்டு விஷயம், சித்தப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நீ அனுப்பிய பட்டையைக் கட்டிக்கொண்டு மாடி ஏறுகிறார். சமையலறைச் சுவரில் ஒழுகியதை ஆள் வைத்துப் பூசியாயிற்று. நான் இப்போது குடத்தையும் கொதித்த தண்ணீரிலேயே கழுவுகிறேன், நீயும் அங்கே பாட்டிலை அப்படியே கழுவு, வெளிநாட்டுத் தண்ணீர் என்று இளப்பமாக நினைக்காதே.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரணம். திங்கட்கிழமை விசாரணைப் பாரத்தில் இன்னொரு கேள்வி இருந்தது, உங்கள் உறவினர் யாராவது கம்பெனியில் வேலை செய்கிறார்களா என்று. என் அக்கா மகள், ஆறு வயசுலேர்ந்து நான் வளர்த்த பொண்ணு என்று உன் பேரைச் சொன்னேன். இதைப் பத்தி அவங்ககிட்ட பேசினீங்களா என்று அந்தத் தம்பி கேட்டான். இல்லை என்றேன். அதை எழுதிக் கீழே என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். கண்ணு, நான் கையெழுத்துப் போட்ட அந்த இல்லை, பட்டியல் வருகிறவரைக்கும் உண்மையாக இருக்க வேண்டும். நீ கூப்பிட்டு, சித்தி ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குன்னு ஒரு கேள்வி கேட்டால் போதும், நான் எல்லாத்தையும் கொட்டிவிடுவேன். நீயும் சும்மா இருக்க மாட்டாய், உன் அம்மா மாதிரியே, யாராவது கண்ணைக் கசக்கினால் உனக்குப் பொறுக்காது. நீ ஒரு வார்த்தை சொல்லி அவளுக்கு இடம் கிடைத்தால், ஊரில் அதை லாரிக்காரி படித்து வாங்கிய இடம் என்று யார் சொல்வார்கள், ஆயாம்மா பொண்ணு வாங்கிக் கொடுத்தது என்பார்கள். ஒரு தடவை அவள் படிப்பு என் பேரில் போனது போதும், இன்னொரு தடவை உன் பேரில் போக வேண்டாம். அதனால் தபால் ஆபீசுக்குப் போய், உங்க ஊருக்கு எந்தத் தபால் எத்தனை நாளில் போகும் என்று கேட்டேன். அஞ்சு நாளில் போவது ஒன்று, பதினைந்து நாளில் போவது ஒன்று. அந்த மெதுவாப் போறதுக்கே ஸ்டாம்ப் கொடுங்க என்றேன். கவுன்ட்டரில் இருந்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, எல்லாரும் சீக்கிரமாப் போகணும்னு சண்டை போடுவாங்க, நீங்க ஒரு ஆள்தான் மெதுவாப் போறதைக் கேட்டு வாங்குறீங்க என்றான். ஆகவே நீ இதைப் படிக்கும்போது அந்த வெள்ளிக்கிழமை தாண்டியிருக்கும். என்ன ஆச்சு என்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இதை எழுதும்போது தெரியாது. உன்னை நம்பாமல் இப்படிச் செய்தேன் என்று நினைத்துவிடாதே தங்கம், நீ கண்டிப்பாக உதவி செய்துவிடுவாய் என்று தெரிந்ததால்தான் செய்தேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதுவும் பட்டியல் வந்தபிறகு. எங்களுக்கு அறை திரும்பக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அடுத்த ஊரில் திறக்கும்போது அந்தப் போன் நம்பர் கேட்கிற கட்டத்தை என்ன செய்யலாம் என்று உனக்கு மேலே இருக்கிறவர்களிடம் பேசு. கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும், அது நியாயம்தான், ஆனால் போன் இல்லாதவளையும் ஒரு ஆளாக எண்ணட்டும். வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடு, படுக்கும் முன் ஆண்டவனை ஒரு தடவை நினை, லாரிக்காரிக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல். கடிதம் கையில் கிடைத்ததும் கூப்பிடு, அன்றைக்கு முதல் மணியிலேயே எடுப்பேன், சித்தப்பா போனையும் டப்பாவிலிருந்து எடுத்து, துடைத்து, அவரிடம் கொடுத்துவிடுவேன். உன் கை தொட்டதெல்லாம் துலங்கி, உன் வாசலுக்கு வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு திரும்பிப் போக, நீ நூறு வயசு நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தி,

சர்க்கரை இல்லாத டீயைக் குடித்தபடி,
பதினோரு நிமிஷம் படித்த உன் சித்தி.